நன்னூற் பொதுப்பாயிரமும் பல்கலைக்கழக மாணாக்கரும்

நன்னூலைப் பயிலாத தமிழாசிரியர் இலர். ஆயினும், அந்நூலின் வாயிலில் நிற்கும் பொதுப்பாயிரத்தைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்தபின் மறந்துவிடுவோரே பலர். குற்றம் பத்து, அழகு பத்து, உத்தி முப்பத்திரண்டு என்னும் எண்ணிக்கை நினைவில் நிற்கும். எண்ணப்பட்டவை எதன்பொருட்டு எண்ணப்பட்டன என்பது நில்லாது. பவணந்தி முனிவர், சீயகங்கன் என்னும் சிற்றரசனின் வேண்டுகோளுக்கிணங்கப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயற்றிய இந்நூல், எழுத்துக்கும் சொல்லுக்கும் இலக்கணம் கூறப் புகுமுன் ஐந்து வினாக்களுக்கு விடை கூறுகின்றது. நூல் என்பது யாது? அதனைக் கற்பிப்போன் எத்தகையோன்? கற்பிக்கும் முறை யாது? கற்போன் எத்தகையோன்? கற்கும் முறை யாது? இவ்வைந்தும் எல்லா நூல்களுக்கும் பொது என்பது பவணந்தியார் துணிபு. ஆதலின், இவை இலக்கண மாணாக்கனுக்கு மட்டும் உரியனவல்ல. மருத்துவம் பயில்வோனுக்கும் பொறியியல் பயில்வோனுக்கும் வணிகவியல் பயில்வோனுக்கும் உரியன.

இக்காலப் பல்கலைக்கழகங்கள் முதலாண்டு மாணாக்கர்க்கெனக் கற்றல் திறன் வகுப்புகளையும் மொழித்துணை வகுப்புகளையும் நடத்துகின்றன. விரிவுரையைக் கேட்டு உளங்கொள்ளுதல், நூலைப் படித்துக் கருத்தைப் பிரித்தெடுத்தல், பிறர் கருத்தைக் கூறித் தன் கருத்தை நிறுவுதல், கட்டுரையை வரன்முறையாக அமைத்தல் ஆகிய நான்குமே அவ்வகுப்புகளின் உள்ளீடு. பொதுப்பாயிரம் இந்நான்கினையும் பேசுகின்றது. எண்ணூறு ஆண்டுகட்கு முற்பட்ட அப்பேச்சு இன்றைய மாணாக்கனுக்கு எவ்வளவு பயன்படும்? எவ்விடத்தில் பயன்படாது? இவ்விரண்டினையும் பழமை பாராட்டாமலும் புதுமைக்கு அஞ்சாமலும் ஆராய்தல் தமிழாசிரியர் கடன்.

வினா எழும் இடம்

குவாலா சிலாங்கூரிலும் அதற்கு வடகிழக்கே உலு சிலாங்கூரின் களும்பாங் வரையிலும் பரவிக் கிடக்கும் தோட்டங்களில் தோன்றிய தமிழ்ப்பள்ளிகள், பல்கலைக்கழகத்தை நோக்கமாகக் கொண்டு எழுந்தவை அல்ல. பள்ளி செல்லும் பருவத்துப் பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் என 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. எழுதவும் படிக்கவும் சிறிது கணக்குப் பார்க்கவும் தெரிந்தால் போதும் என்பதே அக்காலத்து எதிர்பார்ப்பு. இன்று நிலைமை வேறு. பழைய பத்தாங் பெர்ஜுந்தையாகிய பெஸ்தாரி ஜெயாவில் சிலாங்கூர்ப் பல்கலைக்கழகத்தின் வளாகம் நிற்கின்றது. வடக்கே பெர்னாம் ஆற்றைக் கடந்தால் தஞ்சோங் மாலிமில், 1922-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி 1997-இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த சுல்தான் இட்ரிஸ் கல்வியியற் பல்கலைக்கழகம் உளது. தோட்டத்துப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் பேருந்தில் செல்லும் தொலைவில் வந்துவிட்டது. ஆயின், தமிழ்ப்பள்ளி வகுப்பறைக்கும் விரிவுரை மண்டபத்துக்கும் இடையே உள்ள தொலைவைப் பேருந்து கடக்க இயலாது.

அத்தொலைவு மூன்று மொழிகளால் ஆயது. மாணாக்கன் ஆறாண்டுகள் தமிழில் பயில்கின்றான். பின்னர் இடைநிலைப்பள்ளியில் பாடங்களை மலாய்மொழியில் பயில்கின்றான். மலாய்மொழியில் போதிய தேர்ச்சி பெறாதார் ஓராண்டு புதுமுக வகுப்பில் இருந்து செல்லும் வழக்கமும் நெடுங்காலம் இருந்து வந்தது. பல்கலைக்கழகத்திலோ விரிவுரை ஒரு மொழியிலும் நூலகத்துப் புத்தகம் வேறொரு மொழியிலும் இருக்கும். 1970-இல் முதலாம் ஆண்டு வகுப்பில் தொடங்கிய மலாய்மொழிப் பயிற்று முறை, 1983-இல் பல்கலைக்கழக முதலாண்டை அடைந்தது. அதற்குள்ளாகவே, மலாயில் பயின்று வந்தோர் ஆங்கில நூல்களைப் படிக்க இடர்ப்படுவதைக் கண்ட மலாயாப் பல்கலைக்கழகம், அவர்கட்கெனப் படிப்புத்திறன் நூல் வரிசை ஒன்றை ஆக்கி, 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ‘ஸ்கில்ஸ் ஃபார் லேர்னிங்’ என்னும் பெயரால் வெளியிட்டது. 1999 முதல் மூயெட் எனப்படும் ஆங்கிலத் தேர்வு பல்கலைக்கழக வாயிலில் நிறுத்தப்பட்டுள்ளது. ஆகவே, மொழி மாற்றத்தால் வரும் இடர்ப்பாடு தமிழ் மாணாக்கர்க்கு மட்டும் உரியதன்று. இந்நாட்டு மாணாக்கர் பலருக்கும் பொது. தமிழ் மாணாக்கன் அதனை இரு முறை கடக்கின்றான் என்பதே வேறுபாடு.

இவ்விடத்தில், ‘தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்றதே இடர்ப்பாட்டுக்குக் காரணம்’ என்று கூறுவோர் உளர். பெற்றோர் சிலரும் அதனை நம்பிப் பிள்ளையை வேறு பள்ளியில் சேர்க்கின்றனர். கூற்றின் முற்பாதி உண்மை: மலாயிலும் ஆங்கிலத்திலும் நம் மாணாக்கர் பலர் இடர்ப்படவே செய்கின்றனர். பிற்பாதி உண்மையன்று. கனடா நாட்டில் ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ் என்னும் கல்வியறிஞர், 1979-இல் உரையாடல் மொழியையும் கல்வி மொழியையும் வேறு பிரித்துக் காட்டினார். குடியேறியோரின் பிள்ளைகள் புதுமொழியில் இரண்டு ஆண்டளவில் சரளமாக உரையாடக் கற்றனர்; அம்மொழியில் பாடங்கற்கும் திறனை உடன் பயில்வோர் அளவுக்கு அடைய ஐந்து முதல் ஏழாண்டுகள் ஆயின. மேலும், காரணம் காட்டல், சுருக்குதல், ஒப்பிடுதல் முதலிய திறன்கள் ஒரு மொழியில் ஊன்றிவிட்டால் மறுமொழிக்கும் அவை துணையாகும் என்பதும் அவர் கொள்கை. சொற்களைப் புதிதாகக் கற்க வேண்டும். சிந்திக்கும் முறையைப் புதிதாகக் கற்க வேண்டுவதில்லை.

இக்கொள்கை தமிழாசிரியர்க்கு ஆறுதலும் தரும், அச்சமும் தரும். தாய்மொழிக் கல்வி வீண்போகாது என்பது ஆறுதல். தமிழில் வாதிக்கவும் நிறுவவும் கற்பிக்கப்படாத பிள்ளை, மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் கொண்டு செல்ல யாதும் இல்லாதவனாகப் போகின்றான் என்பது அச்சம். அவன் கையில் எதனைக் கொடுத்து அனுப்புவது என்னும் வினாவோடு பாயிரத்தைத் திறத்தல் வேண்டும். பழந்தமிழ் நூல்களைக் கல்வியியல் நோக்கில் ஆராய்தல் புதுவழக்கன்று. 1961-இல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் தலைமையை ஏற்ற தனிநாயக அடிகளார், இலண்டன் பல்கலைக்கழகத்தில் நிகழ்த்திய ஆய்வே பழந்தமிழர் கல்விச் சிந்தனை பற்றியது.

காற்பங்கும் அரைப்பங்கும்

பாயிரத்தின் தலைசிறந்த பகுதி, மாணாக்கன் நூலைப் பயிலும் முறையைக் கூறும் பகுதியே. உலக வழக்கையும் நூல் வழக்கையும் அறிதல், பாடத்தைப் போற்றுதல், கேட்டவற்றை மீண்டும் நினைத்தல், ஐயம் எழுந்தவிடத்து ஆசிரியரை அடுத்துத் தெளிதல், ஒத்த மாணாக்கரோடு கூடிப் பயிலுதல், வினாவுதல், வினாவப்பட்டவற்றுக்கு விடை கூறுதல் எனப் பவணந்தியார் இதனை வகுக்கின்றார். கேட்டலோடு கல்வி முடிந்துவிடுவதாக அவர் கருதவில்லை. ஒரு முறை கேட்ட பாடத்தை இரண்டாம் முறை கேட்டால் பிழை குறையும். மூன்றாம் முறை கேட்டால் அதனை முறையறிந்து எடுத்துரைக்க இயலும் என்கின்றார்.

அடுத்து வருவது வியக்கத்தக்க ஒரு கணக்கு. ஆசிரியர் கூறியதைச் செம்மையாக உளங்கொண்ட மாணாக்கனும் புலமையில் காற்பங்குக்குமேல் பெறமாட்டான். உடன் பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதால் வரும். இஃது அளவுகோல் கொண்டு அளந்த கணக்கன்று என்பது தெளிவு. எதற்கு எவ்வளவு மதிப்புத் தரவேண்டும் என்பதைக் காட்டும் கணக்கு. ஆசிரியரைத் தெய்வமாகப் போற்றிய காலத்து நூல், அவ்வாசிரியருக்குக் காற்பங்கே அளித்தது என்பதைத் தமிழாசிரியர் ஆழ்ந்து எண்ணுதல் வேண்டும்.

நடைமுறையில் யாது நிகழ்கின்றது? பெரும்பாலான வகுப்பறைகளில் ஆசிரியரின் காற்பங்கே முழுமையும் ஆகிவிடுகின்றது. ஆசிரியர் உரைக்கின்றார், மாணாக்கன் எழுதிக் கொள்கின்றான், தேர்வில் ஒப்புவிக்கின்றான். இவ்வாறு பழகியவன் விரிவுரை மண்டபத்தில் பின்வரிசையில் அமர்கின்றான். பயிற்று வகுப்பில் விரிவுரையாளர் வினாவினால் தலை குனிகின்றான். அவனுக்கு விடை தெரியாமல் இருத்தல் ஒரு காரணமாகலாம். தெரிந்த விடையைப் பிறர் முன்னிலையில் எடுத்துரைத்துப் பழகாமையே பெருங்காரணம். பல்கலைக்கழகத்தின் மொழித்துணை வகுப்பு அவனுக்குச் சொற்களைத் தரும். வாய் திறக்கும் பழக்கத்தை ஒரு பருவத்துக்குள் தந்துவிட இயலாது.

தோட்டத்துக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. பல வயதுப் பிள்ளைகள் ஒரே வரிசை வீடுகளில், ஒரே கோயில் திடலில் கூடி வளரும் இடம் அது. பல்கலைக்கழகத்திலிருந்து விடுமுறைக்கு வரும் மாணாக்கன், ஐந்தாம் படிவத்துத் தம்பிக்கும் தங்கைக்கும் வாரம் இருமுறை ஒரு பாடத்தை விளக்கிக் கூறுவானாயின், அவர்கள் பெறுவது ஒரு பங்கு. அவன் பெறுவது பவணந்தியார் கூறிய அரைப்பங்கு. இதற்குக் கட்டடமும் வேண்டா, நிதியும் வேண்டா. மலாயில் கேட்டதைத் தமிழில் விளக்கும்போது, தான் எதனை உணர்ந்தான், எதனை உணராமல் மனப்பாடம் செய்தான் என்பது அவனுக்கே வெளிப்பட்டுவிடும். மொழிபெயர்த்து விளக்க இயலாத கருத்து, விளங்காத கருத்தே.

கணினியை வினவிக் கட்டுரையை எழுதி வாங்கும் காலம் வந்துவிட்டது என்று இக்காலத்தார் கவலுறுகின்றனர். எழுதி வாங்கியதைப் பிறர் முன் நின்று விளக்கச் சொன்னால் உண்மை தெரிந்துவிடும். எடுத்துரைத்தலை அரைப்பங்காக வைத்த நூலுக்கு இக்கவலை பெரிதன்று; எழுத்துத் தாளை மட்டும் நம்பிய முறைக்கே பெரிது.

பத்துக் குற்றமும் மாதிரிக் கட்டுரையும்

நூற்குற்றம் பத்தும் பவணந்தியார் புதிதாகக் கண்டன அல்ல. தொல்காப்பியர் மரபியலிலேயே குற்றம் பத்து எனவும் உத்தி முப்பத்திரண்டு எனவும் கூறிவைத்தார். இலக்கண ஆசிரியன் தன் நூலைச் சோதித்துக் கொள்ளும் கருவியாக இவை தோன்றின. எனினும், பள்ளி மாணாக்கனின் கட்டுரையைத் திருத்துதற்கு இவற்றினும் கூரிய கருவி கிடைப்பது அரிது. எழுத்துப்பிழை, சந்திப்பிழை ஆகியவற்றை மட்டும் சிவப்பு மையால் சுழித்துவிட்டு மதிப்பெண் இடும் வழக்கத்தால், கருத்துப் பிழை கண்ணுக்குத் தப்பிவிடுகின்றது.

எடுத்துக்காட்டாக, ‘கம்போங் குவாந்தான் மின்மினிகளைக் காப்பது எவ்வாறு?’ என்னும் தலைப்பைக் கொள்ளலாம். சிலாங்கூர் ஆற்றங்கரையில் பெரெம்பாங் மரங்களில் இரவுதோறும் ஒருங்கே மின்னும் அப்பூச்சிகளைக் குவாலா சிலாங்கூர்ப் பிள்ளைகள் அறிவர். இத்தலைப்பில் மாதிரிக் கட்டுரை நூல்களின் போக்கில் எழுதும் மாணாக்கன், விண்மீன்களை வருணித்து ஒரு பத்தி எழுதுவான்: இது வெற்றெனத் தொடுத்தல். அடுத்துப் படகுக் கட்டணத்தையும் அருகிலுள்ள கடல் உணவுக் கடைகளையும் விரிப்பான்: இது மற்றொன்று விரித்தல். படகுகளும் விளக்குகளும் பூச்சிகளுக்குக் கேடு என ஓரிடத்தில் கூறி, பயணிகள் இன்னும் மிகுதியாக வரவேண்டும் என மற்றோரிடத்தில் கூறுவான்: இது மாறுகொளக் கூறல். முடிவில், ‘ஆகவே மின்மினிகளைக் காப்பது நம் அனைவரின் கடமையாகும்’ என்று நிறுத்துவான்: இது சென்று தேய்ந்து இறுதல். எழுத்துப்பிழை ஒன்றும் இன்மையால் இக்கட்டுரை நல்ல மதிப்பெண் பெறுதலும் கூடும். இதே கட்டுரையை மலாயில் மொழிபெயர்த்துப் பல்கலைக்கழகத்தில் கொடுத்தால் அது தேறாது. குறை மலாயில் இல்லை.

இனி, அதே மாணாக்கன் அழகு பத்தினுள் முறையின் வைப்பு ஒன்றை மட்டுமேனும் கைக்கொண்டு எழுதினால் யாது ஆகும்? மின்மினியின் புழு ஆற்றோர ஈரநிலத்தில் நத்தைகளை உண்டு வளர்வது; வளர்ந்த பூச்சி பெரெம்பாங் மரத்தில் கூடுவது. ஆகவே, நிலம் ஒன்று, மரம் ஒன்று என இரண்டிடங்களும் வேண்டும். மரத்தை மட்டும் காத்துக் கரையோர நிலத்தை அழித்தால் பயனில்லை. இம்மூன்று தொடர்களில் ஒரு வாதம் முழுமையாக நின்றுவிடுகின்றது. சொல்லலங்காரம் ஏதும் இல்லை. சுருங்கச் சொல்லலையும் விளங்க வைத்தலையும் பவணந்தியார் அடுத்தடுத்து வைத்த நுட்பமும் இங்குப் புலனாகும். விளங்காமற் சுருக்கினால் குன்றக் கூறல். விளக்குவதாக எண்ணி நீட்டினால் மிகைபடக் கூறல். இரண்டுக்கும் இடையே உள்ள ஒற்றையடிப் பாதையே நல்ல கட்டுரை.

உத்திகளிலும் சில இன்றைய தேவைக்கு அப்படியே பொருந்துகின்றன. இன்னது கூறப்போகின்றேன் எனத் தொடக்கத்தில் உரைத்தல் நுதலிப் புகுதல். பயன்படுத்தும் கலைச்சொல்லுக்குப் பொருள் வரையறுத்தல் சொற்பொருள் விரித்தல். காரணங் காட்டி முடித்தல் ஏதுவின் முடித்தல். பின்னர் உரைப்போம் என்றும், முன்னர் உரைத்தோம் என்றும் படிப்போனுக்கு வழி காட்டுதல் உரைத்தும் என்றலும் உரைத்தாம் என்றலும். பல்கலைக்கழகக் கையேடுகள் கட்டுரையின் முகவுரை, கலைச்சொல் வரையறை, சான்று, வழிகாட்டுத் தொடர் எனக் கூறுவன இவையே. முப்பத்திரண்டனையும் ஒப்புவிக்கச் செய்வதினும், இந்நான்கனை ஒவ்வொரு கட்டுரையிலும் கையாளச் செய்தல் மிகுபயன் தரும்.

எழுவகை மதம்

பள்ளிகளில் மிகக் குறைவாகக் கற்பிக்கப்படுவதும், பல்கலைக்கழகத்தில் மிகுதியாக வேண்டப்படுவதும் எழுவகை மதம் என்னும் பகுதி. மதம் என்பது இங்குச் சமயமன்று; கொள்கை. பிறர் கொள்கையை எதிர்கொள்ளும் நூலாசிரியன் நிற்கக்கூடிய நிலைகள் ஏழு. உடன்படலாம், மறுக்கலாம், முதலில் உடன்பட்டுப் பின்னர் மறுக்கலாம், தானே ஒன்றை நாட்டி அதனை நிலைநிறுத்தலாம், இருவர் மாறுபட்டவிடத்து ஒன்றைத் துணியலாம், பிறர் நூலிலுள்ள குற்றத்தைக் காட்டலாம், எவரோடும் சேராது தன் கொள்கையையே கொள்ளலாம். மாணாக்கனின் ஆய்வுக் கட்டுரையைப் படிக்கும் விரிவுரையாளர், ‘இதில் உன் கருத்து எங்கே?’ என வினவுவது இவ்வேழினுள் எதனில் நிற்கின்றாய் என்பதையே.

தோட்ட வரலாற்றிலிருந்தே இதற்கு ஒரு பயிற்சி அமைக்கலாம். எண்ணெய்ப்பனை மலாயாவுக்கு வந்தது 1870-களில் என ஒரு நூல் கூறும். 1917-இல் எனப் பிறிதொரு நூல் கூறும். இரண்டு நூல்களையும் படித்த மாணாக்கன் பெரும்பாலும் இரு செய்திகளையும் அடுத்தடுத்து எழுதிவைத்துத் தப்பித்துக் கொள்வான். அல்லது ஒன்றை மறைத்துவிடுவான். இருவர் மாறுகோளில் ஒருதலை துணியப் பழகியவன் வேறு விதமாகச் செய்வான். 1870-களில் வந்தது அழகுக்காக நட்ட மரம். 1917-இல் பத்தாங் பெர்ஜுந்தைப் பகுதியின் தென்னமரம் தோட்டத்தில் ஹென்றி ஃபோக்கோனியர் நட்டது வாணிகத்துக்கு. வினா ‘மரம் எப்போது வந்தது’ என்பதாயின் விடை முன்னது; ‘தோட்டத் தொழில் எப்போது தொடங்கியது’ என்பதாயின் விடை பின்னது. மாறுபாடு செய்தியில் இல்லை, வினாவில் உள்ளது எனக் காணும் திறனே ஆய்வுத் திறன். தென்னமரம் தோட்டத்துப் பிள்ளை தன் பாட்டனார் உழைத்த நிலத்தைக் கொண்டே அதனைக் கற்கலாம்.

ஏழு நிலைகளுள் மாணாக்கர்க்கு மிகப் பயன்படுவது மூன்றாவதாகிய உடன்பட்டு மறுத்தல். முழுதும் மறுப்பது சண்டை. முழுதும் உடன்படுவது பணிவு. எதிரியின் கூற்றில் உண்மையான பகுதியை ஏற்று, ஏற்க இயலாத பகுதியைக் காரணத்தோடு விலக்குதல் அறிவு. தமிழ்ப்பள்ளி பற்றிய குற்றச்சாட்டை எதிர்கொள்ளும் தமிழாசிரியர்க்கும் இந்நிலையே பொருந்தும். மாணாக்கர்க்கு இடர்ப்பாடே இல்லை என்று கூறி மறுப்பது நம் பிள்ளைகளுக்குச் செய்யும் தீமை.

பாயிரத்தின் குறைகள்

இத்துணைச் சிறப்புடைய பாயிரத்தில் குறைகளும் உள. அவற்றை மறைத்தல் திறனாய்வு ஆகாது.

முதற்குறை, கற்பிக்கத்தக்கார் யார் என்னும் பகுதியில் உளது. தன் மகன், ஆசிரியன் மகன், மன்னன் மகன், மிகுபொருள் கொடுப்போன், வழிபடுவோன், சொன்னதை விரைந்து கொள்வோன் ஆகியோர்க்குக் கற்பிக்கலாம் என்கின்றது பாயிரம். கற்பிக்கலாகாதவர் பட்டியலில் பிணியுடையோன், மந்தமானவன், பழைய நூல்களுக்கு அஞ்சி உள்ளந் தடுமாறுவோன் ஆகியோரை வைக்கின்றது. ஆசிரியனே மாணாக்கனைத் தேர்ந்து கொண்ட காலத்து வழக்கு அது. இன்று பொதுப்பள்ளி வாயிலில் அப்பட்டியலை நிறுத்தினால், பெரிய புத்தகத்தைக் கண்டு நடுங்கும் முதலாண்டு மாணாக்கன் வெளியே நிற்பான். பால்மரம் வெட்டியோரின் பேரன் வெளியே நிற்பான். மொழித்துணை வகுப்பு எவனுக்காக ஏற்பட்டதோ, அவனையே பாயிரம் விலக்குகின்றது. எனவே, பாயிரம் கூறும் கற்றல் முறையைக் கொள்ளுதலும், அது கூறும் விலக்கைத் தள்ளுதலும் வேண்டும். மாணாக்கரை அன்னத்துக்கும் ஆவுக்கும் ஒருபுறமும், ஓட்டைக் குடத்துக்கும் நெய்யரிக்கும் மறுபுறமும் ஒப்பிடும் பகுதியையும் இவ்வாறே கொள்ளத் தகும். அவை பிறவிக் குணங்கள் அல்ல. பயிற்சியால் மாறத்தக்க பழக்கங்கள். குறிப்பெடுக்கத் தெரியாதவன் நெய்யைக் கீழே விட்டு அழுக்கைப் பிடிக்கும் நெய்யரியாக இருக்கின்றான். கற்றுக் கொடுத்தால் அன்னமாகின்றான்.

இரண்டாங்குறை, முன்னோர் சொல்லைக் கையாளும் முறை. முன்னோர் கருத்தை மட்டுமின்றி அவர் சொற்களையும் பொன்போலப் போற்றித் தன் நூலில் எடுத்து வைத்துக் கொள்ளலாம் என்பது பாயிரத்தின் கொள்கை. பவணந்தியாரும் தொல்காப்பியச் சூத்திரங்கள் சிலவற்றை அவ்வாறு எடுத்துக் கொண்டார். அன்று அது வணக்கம். எவருடைய சொல் என்பது கற்றோர்க்கெல்லாம் தெரிந்திருந்தமையால் மறைவும் இல்லை. இன்று பல்கலைக்கழகத்தில், எடுத்த இடத்தைக் கூறாமல் பிறர் சொல்லை எடுத்தல் களவு. மாணாக்கனின் தாள் தள்ளுபடியாகும், தண்டனையும் உண்டு. மாதிரிக் கட்டுரையின் தொடர்களை மனப்பாடம் செய்து எழுதியமைக்காகப் பள்ளியில் பாராட்டப்பட்ட பிள்ளை, அதே செயலுக்காகப் பல்கலைக்கழகத்தில் குற்றவாளியாக நிற்கின்றான். தான் செய்த பிழை யாது என்பதே அவனுக்கு விளங்குவதில்லை. இதற்கு மாற்று நம் மரபிலேயே உளது. உரையாசிரியர்கள் பலவிடங்களில் இக்கருத்து தொல்காப்பியனாருடையது எனப் பெயர் கூறியே மேற்கோள் காட்டினர். பாயிரத்தோடு உரைமரபையும் சேர்த்துக் கற்பித்தால், பெயர் கூறி எடுத்தாளும் ஒழுங்கு பிள்ளைக்கு அயலாகத் தோன்றாது.

மூன்றாங்குறை, பணிவு பற்றியது. சித்திரப்பாவைபோல அசையாதிருந்து கேட்குமாறு பாயிரம் மாணாக்கனைப் பணிக்கின்றது. வினாவுதலையும் விடுத்தலையும் அதுவே பின்னர்க் கூறினும், பாவைபோல் இருத்தலே வகுப்பறைகளில் நிலைத்துவிட்டது. கேட்கும்போது அடக்கமும் கேட்டபின் வினாவும் என இரண்டனையும் காலத்தால் பிரித்துக் கொண்டால் முரண்பாடு நீங்கும். இரண்டாவதற்கு நேரம் ஒதுக்காத ஆசிரியர் முதலாவதை மட்டும் வற்புறுத்துதல் தகாது.

ஆசிரியர் கடன்

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பி.தி. 3 தேர்வும் நீங்கியது. ஆறாம் ஆண்டுத் தேர்வுக்கென மாதிரிக் கட்டுரைகளை மனப்பாடம் செய்வித்த காரணம் போய்விட்டது. காரணம் போனபின்னும் வழக்கம் நிற்குமாயின், அதற்குத் தேர்வு வாரியத்தைக் குறை கூற இயலாது. ஓய்ந்த நேரத்தைப் பயன்படுத்துவது ஆசிரியர் கையில் உளது.

செய்யத்தக்கன மூன்று. வாரத்தில் ஒரு பாடவேளையில் மாணாக்கரே பாடத்தை எடுத்துரைத்தல். ஆசிரியர் பின்வரிசையில் அமர்ந்து கேட்டல். கட்டுரை திருத்தும்போது எழுத்துப்பிழையோடு பத்துக் குற்றங்களுள் ஒன்றையேனும் பெயர் கூறிக் குறித்தல். அழகு காணப்பட்டவிடத்து அதனையும் பெயர் கூறிக் குறித்தல். மேல்வகுப்பிலும் இடைநிலைப்பள்ளித் தமிழ் வகுப்பிலும், ஒரே பொருள்பற்றி மாறுபட்ட இரு சிறு பத்திகளைக் கொடுத்து, எழுவகை நிலைகளுள் ஒன்றில் நின்று எழுதச் செய்தல். அவ்விரு பத்திகளுள் ஒன்று மலாயிலோ ஆங்கிலத்திலோ இருத்தல் நன்று. படிப்பது ஒரு மொழி, சிந்தித்து எழுதுவது தமிழ் என்னும் பயிற்சி, பின்னர்ப் படிப்பது ஆங்கிலம், எழுதுவது மலாய் என்னும் பல்கலைக்கழக வாழ்வுக்கு நேரான முன்பயிற்சி ஆகும்.

இவற்றால் சொல்வளக் குறை தீராது. மலாயும் ஆங்கிலமும் தனித்து முயன்று கற்கத்தக்கனவே. அதற்குப் பல்கலைக்கழகத்தின் மொழித்துணை வகுப்பு வேண்டும். அங்குச் செல்ல நாணுதலும் கூடாது. ஆனால் அவ்வகுப்பு மாணாக்கனிடம் ஏற்கனவே இருக்கும் திறனுக்கே துணை நிற்கும். தமிழ்ப்பள்ளியில் கருத்தை வகுக்கவும் நிறுவவும் எடுத்துரைக்கவும் பழகிவந்த பிள்ளைக்கு அங்கே தேவைப்படுவது சொற்கள் மட்டும். பழகாமல் வந்தவனுக்குத் தேவைப்படுவன எல்லாம். நன்னூற் பாயிரம் தமிழாசிரியர் மேசையில் இருக்கின்றது. அதனை ஒப்புவிக்கச் செய்வதை நிறுத்தி, கையாளச் செய்வதைத் தொடங்கினால், குவாலா சிலாங்கூர்த் தோட்டத்துப் பிள்ளை விரிவுரை மண்டபத்துக்கு வெறுங்கையோடு செல்லான்.